பத்து டன் ஜாக்கியும் எஸ்றா ஐயரின் ஜெபமும்

மில்லர்புரம்,
தூத்துக்குடி.

அன்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி கிருபாநிதி அவர்களுக்கு,

தங்கதுரை எழுதிக்கொள்வது. ஆண்டவரின் கிருபையால் இங்கே நானும் என் மனைவி ஜெபசுதாவும் மகள் ஜெமிமாவும் பூரண சுகம். உங்கள் மகன் ஜெர்சனும் சுகம்தான். விலா எலும்பு ஒன்றில் மட்டும் மெல்லிய கீறல். பதறாதீர்கள். பதற வேண்டியதையெல்லாம் நாங்களே பதறி முடித்துவிட்டோம். போனில் சொல்ல நா எழவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என்னுடைய பழைய வேனில் இரண்டாவது கியர் விழாமல் போனது உங்களுக்குத் தெரியும். ஒர்க்‌ஷாப்பில் விடலாம் என்றேன். மாப்பிள்ளை கேட்கவில்லை. "ஹார்பர்ல நாப்பது டன் கன்டெய்னரையே இறக்குதோம். கியர்பாக்ஸை வீட்டுலயே இறக்கிரலாம் மாமா, ஒரு ஜாக்கி மட்டும் வாங்கிட்டு வாங்க" என்றார். இந்த வீம்பு எதற்கென்று உங்களிடம் மறைப்பானேன்? கல்யாணமான நாள் முதல் ஜெபசுதாவுக்கு அவர்மேல் ஒரு குறை. குடும்ப ஜெபத்தில் அவர் கண்ணை மூடுவதில்லையாம். இவள் கண்ணை மூடிக்கொண்டு அதை எப்படிப் பார்த்தாள் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. மகளிடம் 'உன் வீட்டுக்காரர்' என்பாளே தவிர, 'மாப்பிள்ளை' என்று வாய் நிறையக் கூப்பிட்டதில்லை. சீலா மீன் குழம்பில் அவருக்கு வால் துண்டுதான். நடுவில் அகப்பட்ட ஜெமிமா அழுது அழுது பாதியாக இளைத்துவிட்டாள். தனிக்குடித்தனம் போகலாம் என்றுகூடப் பேச்சு வந்துவிட்டது. வேனைச் சரிசெய்து அத்தையைக் கோயிலுக்குக் கூட்டிப்போனால் மனம் இளகும் என்று பிள்ளை நினைத்திருக்கிறார்.

ஜாக்கி வாங்கப் போனது நான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவன். கடை அண்ணாச்சி இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கியர்பாக்ஸ் இறக்குவதற்கென்றே வருவதாம். கீழே சக்கரம், மேலே அகலமான தட்டு, கட்டிவைக்கச் சங்கிலி. மற்றது லாரிக்காரர்கள் வைத்திருக்கிற பாட்டில் ஜாக்கி. "எது எத்தனை டன்?" என்றேன். "இது அரை டன் சார், அது பத்து டன்." அரை பெரிதா, பத்து பெரிதா, நீங்களே சொல்லுங்கள். "கியர்பாக்ஸ் அதுல நிக்காது சார், தலை சின்னது" என்று இழுத்தார். பத்து டன்னைத் தாங்குவது முப்பது கிலோவைத் தாங்காதா என்று நான் ஒரு போடு போட்டதும், "உங்க இஷ்டம்" என்று தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமனாரை மறுபடி கடைக்கு அனுப்பக் கூச்சப்பட்டு, ஜாக்கியின் தலையில் ஒரு பலகையை வைத்து, "ஒரு கையால பிடிச்சுக்கிட்டா போதும் மாமா" என்று வேனுக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

கடைசி போல்ட்டும் கழன்று, கியர்பாக்ஸ் பலகைமேல் உட்கார்ந்து, அவர் அதைக் கையால் பிடித்துக்கொண்டு படுத்திருந்த வேளையில்தானா எங்கள் சபைக் குருவானவர் எஸ்றா ஐயர் வீடு சந்திக்க வர வேண்டும்? ஜெபம் பண்ணாமல் அவர் எந்த வீட்டுப் படியும் இறங்கியதில்லை. மாப்பிள்ளை வெளியே வர முடியாதே என்றேன். "தம்பி அங்கனயே இருக்கட்டும். நாம வேனைச் சுத்தி நின்னு ஜெபிப்போம்" என்றார். கண்ணை மூடினோம். உடனே ஜெபசுதாவின் குரல்: "ஏளா ஜெமிமா, உன் வீட்டுக்காரரைக் கையைக் கூப்பச் சொல்லு!" ஐயர் எங்கள் குடும்பத்துக்காக ஜெபித்தார், துறைமுகத்துக்காக, கடலுக்குப் போனவர்களுக்காக, மழைக்காக. நடுவில் 'தொப்' என்றொரு சத்தம். கண்ணைத் திறக்கலாம் என்றால் பக்கத்தில் ஜெபசுதா நிற்கிறாள். எங்கள் தெருச் சாக்கடைக்காகவும் ஜெபித்து ஐயர் ஆமென் சொன்ன பிறகு குனிந்து பார்த்தால், ஐயோ சம்பந்தி! ஜாக்கி சாய்ந்து கிடக்கிறது. கியர்பாக்ஸ் உங்கள் மகனின் நெஞ்சுமேல். முகமெல்லாம் ஆயில். கண் இறுக மூடியிருக்கிறது, கியர்பாக்ஸுக்கு அடியில் கை கூப்பியபடி. ஒரு முனகல்கூட இல்லை!

தூக்கி எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் ஜெபசுதா தேம்பித் தேம்பி அழுதாள். "இம்புட்டு பாரம் நெஞ்சுல விழுந்தும் ஜெபத்தைக் கலைக்கலையே என் மாப்பிள்ளை! இவரைப் போயி என்னவெல்லாம் பேசிட்டேன்!" இப்போது சீலா மீனின் நடுத்துண்டை முள் எடுத்து ஊட்டாத குறை. ஜெமிமா சிரிக்கிறாள், சம்பந்தி. அவள் சிரித்துப் பார்த்து எத்தனை மாதமாயிற்று! எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. தனிக்குடித்தனப் பேச்சும் நின்றுபோனது. இப்படிப்பட்ட பக்தியுள்ள பிள்ளையை வளர்த்துக் கொடுத்ததற்கு உங்கள் இருவருக்கும் நன்றி.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் அன்பையும், வீட்டில் சிறியவர்களுக்கு ஆசீர்வாதத்தையும் சொல்லவும். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள சம்பந்தி,
தங்கதுரை

பின்குறிப்பு: விலாசம் சரிபார்க்க மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். முழுவதையும் வாசித்துவிட்டு, "ஜெபத்தைக் கலைக்கக் கூடாதுன்னு யாரு மாமா நெனச்சா? ஆயில் கண்ணுல விழுந்து எரிஞ்சுச்சு, மூடிட்டேன். அத்தை சொன்னாங்கன்னு கையை எடுத்துக் கூப்பினேன், அது சாய்ஞ்சு விழுந்து கை அடியில மாட்டிக்கிச்சு. தூக்குங்கன்னு கத்தத்தான் வாயைத் தொறந்தேன், மூச்சே வரலை" என்கிறார். அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறாராம்! கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தி வைத்திருக்கிறேன். இதற்குள், வரும் ஞாயிறு ஆராதனையில் அவர் சபைக்கு முன் நின்று நடந்ததைச் சாட்சியாகச் சொல்வார் என்று ஜெபசுதா ஐயரிடம் பெயர் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமையே புறப்பட்டு வந்து, கோயிலில் முன்வரிசையில் உட்காருங்கள், சம்பந்தி. தகப்பனார் முகத்தைப் பார்த்தாவது மாப்பிள்ளை துணிந்து ஒரு பொய் சொல்லட்டும்.