இன்சூரன்ஸ் அம்மணிக்கு வைத்த ஒப்புட்டு

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். பொய் சொல்லக் கூடாது என்று நான்கு பேருக்கும் சொல்லித்தான் வளர்த்தேன். (எனக்குச் சொல்லத்தான் ஆளில்லை.)

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துபோனது. கட்டுப் பிரித்த பிறகும் விரல் மடங்கவில்லை. ஜாக்கெட் கொக்கி மாட்டக்கூட மருமகள் சுமதி வர வேண்டும். தினமும் அவள் முன்னால் கைக்குழந்தை மாதிரி நிற்பேன். அதற்கு இன்னொரு கையும் முறிந்திருக்கலாம்.

"ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பாருங்க. கொக்கி மாட்டறது, சோறு பிசையறதுன்னு தினப்படி வேலைக்குக் கையைப் பழக்குவாங்க" என்றார் டாக்டர். தொண்டாமுத்தூரில் விசாரித்தால் எண்ணெய் போட்டு நீவுகிறவரைத்தான் ஆளாளுக்குக் காட்டினார்கள். மகன் செந்தில் பத்து நாள் போன் போட்டு வடவள்ளியில் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தான். அவன் கம்பெனி இன்சூரன்ஸிலேயே செலவைக் கொடுப்பார்களாம். ஆனால் வீட்டுக்கு ஆள் வந்து கையைப் பார்ப்பார்களாம்.

"முடியலைன்னு மட்டும் சொல்லுங்கம்மா, போதும்" என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போனான்.

வந்தது ஒரு நடுவயசு அம்மணி. வீட்டுக்கு வந்தவளை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? காலையில் சுமதி சுட்ட ஒப்புட்டை, மற்ற ஊர்க்காரர்கள் போளி என்பார்களே அதை, நெய் விட்டு வைக்கச் சொன்னேன். ஒரு வாய் தின்றவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏனுங்கம்மா, இத்தனை மெல்லிசா இருக்குதுங்களே! யாருங்க செஞ்சது?"

சுமதி வாயைத் திறப்பதற்குள், "நாந்தானுங்க" என்றேன். (நாற்பது வருஷமாக இந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு அந்த ஒரு பதில்தான்.)

"இந்தக் கையிலீங்களா?"

"வேற எந்தக் கையிலீங்க? மாவு பிசைஞ்சு, பூரணம் அரைச்சு, முப்பது ஒப்புட்டு தட்டிப்போட்டனுங்க!"

அவள் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டாள். பக்குவம் எழுதுகிறாள் என்று நினைத்து, மாவு எத்தனை, வெல்லம் எத்தனை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நாலு ஒப்புட்டுப் பொட்டலமும் கட்டிக் கொடுத்தேன். (கட்டியதும் சுமதிதான்.)

நாலாம் நாள் கடிதம் வந்தது. செந்தில் சத்தமாகப் படித்தான்: முப்பது ஒப்புட்டு தட்டும் அளவுக்குக் கை நலமாக உள்ளது, சிகிச்சை தேவையில்லை.

"ஏம்மா!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். சுமதி துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

செந்தில் மறுபடி எழுதிப் போட்டதில் அந்த அம்மணியே போனில் கூப்பிட்டாள். உண்மையைச் சொன்னால் ஒப்புட்டு சுமதிக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் கொக்கி சுமதி கையில்.

"ஸ்பீக்கர்ல போடுங்க அத்தை. எனக்கும் நல்லாக் கேக்கோணும்" என்றாள் சுமதி.

"அம்மணி... ஒப்புட்டு எம் மருமவ செஞ்சதுங்க. என்னால ஒரு டம்ளர்கூடப் புடிக்க முடியலீங்க."

"அதுதானுங்களா! நீங்க சொன்ன பக்குவத்துல செஞ்சு, அத்தனையும் கல்லோட ஒட்டிப்போச்சுங்க. போனை உங்க மருமவகிட்டக் குடுங்க."

சிகிச்சைக்கு ஒப்புதல் வந்துவிட்டது. வடவள்ளிப் பெண் மூன்று மாதம் என்னைத் துணி கிளிப் மாட்ட வைத்தாள், மாவு பிசைய வைத்தாள். கொக்கி இப்போது நானே மாட்டுகிறேன். ஆனால் விருந்தாளி யாராவது சமையலைப் புகழ்ந்தால் போதும், சுமதி குரலை உயர்த்துவாள்: "அத்தைதானுங்க செஞ்சது. இன்சூரன்ஸ்லயே எழுதிக் குடுத்திருக்காங்க!"

தினம் கொஞ்சம் எழுதினால் விரலுக்கு நல்லது என்று அந்தப் பெண் சொன்னதால்தான், மூன்றாம் வகுப்போடு விட்ட பேனாவை மறுபடி பிடித்தேன். யாழினி, வா கண்ணு, பாட்டி எழுதினதை ஒருக்காப் படிச்சுக் காட்டு. ஒப்புட்டு வர்ற எடத்தை மட்டும் மெதுவாப் படி, உங்கம்மா உள்ளதான் இருக்கறா.