பாராட்டுக்கு ஒரு புகார் எண்

“பாராட்டுக்குன்னு தனியா எதுவும் இல்ல சார். புகார்னு போட்டாத்தான் மேலிடத்துக்குப் போகும்,” என்றான் ஃபோன் கம்பெனி ஆள்.

கண்ணாடிக்கடைக்காரர் யோசித்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடை ஃபோன் ஊமையாகிவிட, செல்லிலிருந்து வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டிருந்தார். ஒரு பெண் ஐந்தே நிமிடத்தில் சரி செய்து கொடுத்தாள். அதோடு விடவில்லை. “வேற ஏதாவது உதவி வேணுமா சார்?” என்று எட்டு முறை கேட்டாள். பாவம், கேட்கிறாளே என்று அவரும் தேடித் தேடிச் சந்தேகம் கேட்டார். அவர் சரக்கு தீர்ந்ததும் அவள் கேட்க ஆரம்பித்தாள். வட்ட முகத்துக்கு எந்த ஃபிரேம் பொருந்தும், கண்ணாடியில் கீறல் விழுந்தால் என்ன செய்வது என்று மொத்தம் நாற்பது நிமிடம். இத்தனை வருஷத்தில் அவர் தொழிலைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரித்தவர் எவருமில்லை. இரண்டு நாளாக அந்தக் குரல் காதிலேயே இருந்தது. ஒரு நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் பாவம் என்று தோன்றியது.

“சரி, புகார்னே போடுங்க. உள்ள நல்லபடியா எழுதிடுங்க.”

“எழுதிடறேன் சார்.”

பத்து நிமிடத்தில் குறுஞ்செய்தி வந்தது. ‘ஊழியர் மீதான உங்கள் புகார் விசாரணையில் உள்ளது.’

மனைவி வாங்கிப் படித்தாள். “நாற்பது நிமிஷம் பேசினீங்களா? என்கிட்ட சேர்ந்தாப்போல நாலு நிமிஷம் பேசினதில்ல. அது போகட்டும். அந்தப் பொண்ணு வயித்துல ஏன் அடிக்கறீங்க? முதல்ல வாபஸ் வாங்குங்க.”

மறுபடியும் கூப்பிட்டார்.

“வாபஸ் வாங்கக் காரணம் சொல்லணும் சார். ரெண்டுதான் இருக்கு. ஊழியர் மன்னிப்புக் கேட்டார், இல்லைன்னா ஊழியர் மிரட்டினார்.”

“ரெண்டும் இல்லப்பா. அந்தப் பொண்ணு தங்கம்.”

“தங்கம்னு இதுல இல்ல சார்.”

இருப்பதில் நல்லதாக, மன்னிப்பையே போடச் சொன்னார்.

“தப்பு பண்ணாமலா மன்னிப்புக் கேட்பாங்கன்னு நினைக்க மாட்டாங்களா?” என்றாள் மனைவி.

மறுநாள் விசாரணை அதிகாரி கூப்பிட்டார், ஏதோ வேறு ஊரிலிருந்து. “அவங்ககிட்ட என்ன குறை கண்டீங்க?”

“குறையே இல்ல சார். நாற்பது நிமிஷம் பொறுமையா…”

“நாற்பதா?” அந்தப் பக்கம் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. “ஒருத்தருக்கு ஆறு நிமிஷம்தான் சார் விதி. நீங்க சொல்லலைன்னா எங்க கண்ணுல பட்டிருக்காது. ரொம்ப நன்றி.”

சனிக்கிழமை அடுத்த குறுஞ்செய்தி. ‘தாங்கள் குறிப்பிட்ட ஊழியர் தற்போது பணியில் இல்லை. புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவை திருப்தி அளித்ததா?’

அன்று ஒருவருக்கு இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டார். ராத்திரி சோறு இறங்கவில்லை. மனைவியும் கிண்டலை விட்டுவிட்டாள்.

“அவ சம்பளத்தை நம்பி வீட்டுல எத்தனை பேரோ,” என்றாள்.

“நல்லது சொல்லத்தானே போனேன்.”

“தெரியும். சாப்பிடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். தப்பு முழுக்க என்னுடையது, அந்தப் பெண்ணைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் கம்பெனி வாசலில் போய் நின்றார்.

“யாரைப் பார்க்கணும்?” என்றார் வாட்ச்மேன்.

“பேர் தெரியாதுங்க. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்கூட ஃபோன்ல பேசின பொண்ணு. என்னால அதுக்கு வேலை போயிடுச்சு. இந்த லெட்டரை மேல குடுத்தா…”

வாட்ச்மேன் அவரை நிமிர்ந்து பார்த்தார். “கண்ணாடிக்கடைக்காரரா நீங்க?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

வாட்ச்மேன் கடிதத்தைப் பிரிக்காமலே அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“உங்களால இல்லைங்க. உங்ககூட பேசிட்டிருக்கற ஃபோனை முடிச்சதும் வேலையை விட்டுக் கிளம்பிடணும்னு அன்னிக்கே அதுகிட்ட சொல்லிட்டாங்க, அடையாளக் கார்டை வாங்கிட்டு வெளிய கூட்டிட்டு வர என்னைத்தான் அனுப்பினாங்க. நாற்பது நிமிஷம் பக்கத்துலயே நின்னேன், அது ஃபோனை வைக்கவே இல்ல.”