வாசலுக்கு வந்த தீர்மானம்

வெள்ளிக்கிழமை காலை கலாராணி கேட்டைத் திறந்ததும் குப்பைப் பைகள் அவள் காலில் வந்து சரிந்தன. குப்பை ட்ரெக்டர் சந்துக்குள் வருவதை நிறுத்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையோ, அவளுடைய நாவலைக் கேட்கப் பண்டாரவளையிலிருந்து வாசகர்கள் வருகிறார்கள்.

"ஏங்க, நம்ம வாசல்லயே கொட்டிட்டுப் போயிருக்காங்க!"

"விடு கலா," என்றான் கணவன் கஜேந்திரன்.

விடுகிற ஆளா அவள்? பதுளையில் பல வருடம் உளவியலாளராக இருந்துவிட்டு நாவலாசிரியை ஆனவள். நமுனுகுல தேயிலைத் தோட்ட லயத்தில் குடியுரிமை இல்லாமல் பிறந்த அவள் அப்பாவுக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் ஓட்டுரிமையே கிடைத்தது. அதனால் அவள் வீட்டில் எதுவானாலும் கூட்டம், கூட்டமென்றால் வாக்கெடுப்பு.

அன்று மாலை சந்து முழுவதும் அவள் கூடத்தில் பிளேன்டீ குடித்தது.

"நாம எல்லாரும் பிரஜைகள். மனசுல உள்ளதைச் சொல்லுங்க."

"ஒங்கட கேட்டுதான் டொக்டர் மெயின் ரோட்டுக்குக் கிட்ட," என்றார் மீன்கடை மிப்ரான்.

குப்பையை அங்கேயே வைப்பதென்று கைகள் உயர்ந்தன. எதிர்த்தவை இரண்டே இரண்டு: அவளுடையதும் கஜேந்திரனுடையதும். அதுவரை திருட்டுத்தனமாக வந்த குப்பை, அன்றிலிருந்து தீர்மானமாக வந்தது.

சனிக்கிழமை காலை மறுபடியும் கூட்டினாள். நாவலிலிருந்து பொதுநலம் பற்றிய அத்தியாயத்தை உருகி உருகி வாசித்தாள். மிப்ரானுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொதுநலமெண்டா பெரிய விசயம் டொக்டர். அப்ப எங்கட கட மீன் கழிவையும் இங்கயே கொண்டாறன்."

மத்தியானம் கலாராணிக்கு ஒன்று புரிந்தது. "கை தூக்கச் சொன்னதுதான் பிழைங்க. பக்கத்துல உள்ளவங்களுக்குப் பயந்து தூக்குறாங்க. ரகசியமா எழுதச் சொன்னா உண்மையான மனசு வெளிய வரும்."

"அது மட்டும் வேணாம் கலா!" கஜேந்திரன் இப்படிப் பதறி அவள் பார்த்ததில்லை.

மாலையில் பிஸ்கட் டின் வாக்குப்பெட்டியானது. மிப்ரான் சீட்டுகளைப் பிரித்து எண்ணினார்.

"எதிர்ப்பு ஒண்ணு."

"சரியாப் பாருங்க. ரெண்டு இருக்கணும்."

"ரெண்டு தரம் பாத்துட்டன் டொக்டர். ஒண்ணுதான்."

கலாராணி மெல்லத் திரும்பினாள். கஜேந்திரன் காலிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுப் பெரியாயிக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"சார ஏசாதீங்க டொக்டரம்மா. நாத்தம் தாங்காம நீங்க கூட்டத்தையும் நாவலையும் விட்டுருவீங்கன்னு, குப்பைய இங்க கொட்டச் சொல்லி வீடு வீடா வந்து கெஞ்சுனாரு. எங்களுக்கும் அது நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு."