அம்மை போட்ட கார்

வேதியியல் படித்தவர்களிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் விளக்கம் கேட்கலாம், வேலையை மட்டும் ஒப்படைக்கக் கூடாது. திருப்பதியில் ஒரு காலேஜில் வேதியியல் நடத்துகிறவள் என்ற உரிமையோடு இதைச் சொல்கிறேன். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று போர்டு நிறைய எழுதுவேன். பிள்ளைகள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு பார்த்து எழுதுவார்கள். ஆனால் துருவை நான் நேருக்கு நேர் சந்தித்தது ஒரே ஒரு முறைதான், என் தங்கை சுகுணாவின் கல்யாணத்தில். அதில் துருதான் ஜெயித்தது.

எங்கள் ஊர் கங்காதர நெல்லூர் பக்கம். நைனா, எங்கள் அப்பா, சித்தூரில் ஒரு மாங்காய் மண்டி முதலாளிக்கு ரொம்ப வருஷம் கார் ஓட்டினார். முதலாளி புதுசு வாங்கியபோது பழையதை நைனாவே வாங்கிக்கொண்டார். சொந்தமாகக் கையகல நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்தவர். அம்மாவையும் எங்களையும் பின் சீட்டில் உட்காரவைத்து முதன்முதலாக ஊருக்குள் ஓட்டி வந்த அன்று, தெருமுனையிலிருந்து வாசல் வரைக்கும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அந்தக் கார்தான் சிக்கல். வயசாகிவிட்டது. பானெட் ஓரத்திலும் கதவுகளின் அடியிலும் பெயிண்ட் பொங்கி, பழுப்புப் பழுப்பாகத் துரு. நிச்சயதார்த்தத்துக்கு வடமாலபேட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாய்மாமா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, நைனாவைப் பார்த்து, "ஏம் பாவகாரு, மீ பண்டிகி அம்மவாரு போசிந்தா?" என்றார். என்ன மச்சான், உங்கள் வண்டிக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று. கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். ஆனால் பந்தியில் உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

கிளம்பும்போது அந்த மாமா இன்னொன்றும் சொன்னார். கல்யாணத்துக்குப் பெண்ணை அழைத்துப் போக அவரே ஏசி கார் கொண்டுவருவாராம்.

"என் பொண்ணு என் வண்டியிலதான் வருவா பாவா," என்றார் நைனா.

நான் சும்மா இருந்திருக்கலாம். "நைனா, இது வெறும் மேல் துரு. ரெண்டு நாள் வேலை. நான் பாத்துக்கறேன்," என்றேன். (அந்த நேரம் பார்த்து யாராவது என் வாயில் ஒரு லட்டைத் திணித்திருக்கலாம்.)

கல்யாண வாரம் லீவு போட்டுவிட்டு, உப்புத்தாளும் டப்பாக்களுமாக ஊருக்கு வந்து இறங்கினேன். துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும். மிச்சத்தை ஒரு திரவம் தடவிக் கறுப்பாக்கி அடக்க வேண்டும். மேலே ரெட் ஆக்சைடு, அதன்மேல் பெயிண்ட், கடைசியில் காற்றும் ஈரமும் புகாமல் மூடி வைக்க லேக்கர். காகிதத்தில் பார்த்தால் அவ்வளவுதான்.

கடுகு அளவு கொப்புளத்தைத் தேய்த்தேன், அடியில் எலுமிச்சம்பழம் அளவு துரு இருந்தது. எலுமிச்சையைத் தேய்த்தேன், உள்ளங்கை அளவு ஆயிற்று. இன்னும் தேய்த்தால் விரல் உள்ளே போய்விடுமோ என்று பயந்து பயந்து தேய்த்தேன். நைனா பந்தல்காரரோடு பேசிக்கொண்டே அடிக்கடி வந்து எட்டிப் பார்ப்பார்.

"இன்னாம்மா, பெருசாய்க்கினே போவுது?"

"அப்படித்தான் நைனா இருக்கும். இரும்பு பளபளன்னு தெரியற வரைக்கும் தேய்க்கணும்."

அவர் காரின் கூரையை ஒரு முறை தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

திரவம் தடவியதும் கார் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகத் திட்டு விழுந்தது. ரெட் ஆக்சைடு பூசியதும் அத்தனையும் சிவப்புத் திட்டு ஆனது. இப்போதுதான் நிஜமாகவே அம்மை போட்ட மாதிரி இருந்தது. அடுத்து பெயிண்ட் அடிக்கலாம் என்று டப்பாவைக் குலுக்கினேன், மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் திருப்பதியில் முகூர்த்தம். வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகு காலம், அதற்குள் பெண் வாசலைத் தாண்டியாக வேண்டும். மழை விட்டதே வியாழக்கிழமை காலையில்தான். அவசர அவசரமாகப் பெயிண்ட் அடித்து, அது ஏதோ காய்ந்தது என்று பேர் பண்ணி, உச்சிவெயிலில் லேக்கரையும் அடித்து முடித்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஜோராகத்தான் இருந்தது. தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது.

"யாரும் வண்டியத் தொடாதீங்க!" என்று கத்திவிட்டு, வீட்டுப் பக்கவாட்டில் இருந்த குழாயடிக்குக் கை கழுவப் போனேன். அதற்குள் மாப்பிள்ளையின் மாமா, எதற்கும் இருக்கட்டும் என்று, ஏசி காரோடும் டிரைவரோடும் வந்து எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டார். இறங்காமல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாளியில் சோப்புத் தண்ணீரில் கை விட்டபடி திரும்பினேன்.

அம்மா பானெட் மேல் மூன்று விரலால் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். (அம்மாவைப் பொறுத்தவரை குங்குமம் வைப்பது தொடுவதில் சேராது.) முன் டயருக்கடியில் எலுமிச்சம்பழம். அத்தை, நைனாவின் அக்கா, பட்டுப்புடவையில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். தட்டில் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்தது. மூன்று சுற்று சுற்றிவிட்டு, எரிகிற கற்பூரத்தை அப்படியே டயர் பக்கத்தில் தரையில் வைப்பாள். எந்த வண்டிக்கும் அத்தை செய்வது அதுதான்.

அந்த டயர் பக்கத்தில்தான் பெயிண்ட் கரைக்க வாங்கி நான் மூடாமல் வைத்த தின்னர் டப்பா இருந்தது. தின்னரில் நனைந்த துணிகள் வேறு.

ஒரு சுற்று. தின்னரின் ஆவி எத்தனை தூரத்தில் தீப்பிடிக்கும் என்று வகுப்பில் கணீரென்று சொல்லியிருக்கிறேன். அப்போது "அத்தே, அத்தே" என்றுதான் வந்தது. இரண்டாவது சுற்று. அத்தை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "வந்து கும்பிட்டுக்கோ, வா," என்றாள். மூன்றாவது சுற்று முடிந்து, தட்டோடு குனிய ஆரம்பித்தாள்.

வாளியைத் தூக்கினேன். ஓடினேன். வீசினேன்.

கற்பூரம் அணைந்தது. அத்தையின் பட்டுப்புடவை, தலைப்பூ, பானெட் எல்லாவற்றிலும் சோப்பு நுரை. வாசலில் நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்தினார்.

"அடிப்பாவி! ஆரத்திய அணைச்சிட்டியேடி!" என்று அத்தை அலறினாள்.

பெண் கிளம்புகிற நேரத்தில் ஆரத்தி அணைந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சுகுணா மாலையும் கழுத்துமாக வாசற்படியில் உறைந்து நின்றாள். எதிரே ஏசி காரின் கதவு திறந்தது. மாமா இறங்கி மெதுவாக நடந்து வந்தார். தின்னர் டப்பாவைக் காட்டி ஏதோ சொல்லப் பார்த்தேன், அழுகைதான் வந்தது. தண்ணீர் பட்ட இடமெல்லாம் லேக்கர் பால் மாதிரி வெளுத்துக்கொண்டிருந்தது. தங்கச்சி கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நைனா குனிந்து தின்னர் டப்பாவை எடுத்து மூடினார். மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மாமா பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே பாவா சொன்னீங்க, வண்டிக்கு அம்மை போட்டுக்கினு இருக்குதுன்னு? தண்ணி ஊத்திட்டோம். எறங்கிப்போச்சி. ஏறுங்க, போலாம்."

மாமா பானெட்டைப் பார்த்தார், சொட்டச் சொட்ட நின்ற அத்தையைப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"தண்ணி ஊத்துனா வேப்பிலை வேணாவா பாவா?" என்று பந்தல் காலில் கட்டியிருந்த வேப்பங்கொத்தை அவரே உருவிப் பானெட் மேல் வைத்தார். அது ஒட்டிக்கொண்டது. பிறகு முன் கதவைத் திறந்து நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். சுகுணா பின்னால் ஏறினாள். தெருமுனை தாண்டும் வரை ஹாரன் சத்தம் நிற்கவில்லை. நான் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன்.

ஏசி கார் வீணாகவில்லை. அதில் அத்தை ஈரப் புடவையோடு உட்கார்ந்து, பாகாலா தாண்டித் திருப்பதி போய்ச் சேரும் வரை என்னைத் திட்டிக்கொண்டே நடுங்கினாள். பக்கத்து சீட்டில் நான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் கற்பூரம் ஏற்றினாலும், அத்தை முதலில் என்னைத் தேடி, "அவ கிட்ட வாளி கீளி ஏதாவது இருக்குதா பாரு," என்பாள். சுகுணாவின் மகளுக்குக்கூட அது மனப்பாடம்.

கார் இன்னும் ஓடுகிறது. நான் தேய்த்து, அடக்கி, பூசி, மூடிய இடத்திலெல்லாம் அடுத்த மழைக்கே துரு திரும்பி வந்துவிட்டது. லேக்கருக்குள் மாட்டிக்கொண்ட அம்மாவின் மூன்று விரல் குங்குமம் மட்டும் அப்படியே இருக்கிறது, அந்த இடத்தில் துரு வரவில்லை. அதற்கு என்னிடம் வேதியியல் விளக்கம் இருக்கிறது. வீட்டில் யாரும் கேட்பதில்லை.