பத்து ஏக்கர் ஏழை

எனக்குக் கோபம் தாமதமாகத்தான் வரும். வந்தால் இடம் பொருள் பார்க்காது. வெளிநாடு போய்ப் படிக்கக் கிடைக்கவிருந்த உதவித்தொகையை நான் கோட்டைவிட்டது அப்படித்தான். வருத்தமில்லையா என்று கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லை.

எங்கள் ஊர் கீழ்வேளூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலி வேலை செய்தார்கள், நான் எம்.எஸ்ஸி. மண்ணியல் படித்தேன். வயலுக்கு வயல் செங்கொடி, மேடைக்கு மேடை ஒருவருக்கு இவ்வளவு நிலம்தான் என்கிற உச்சவரம்புச் சட்டம் என்று பண்ணையார்கள் தூக்கமில்லாமல் கிடந்த காலம். ஏழை மாணவர்களை மண் ஆராய்ச்சிக்கு வெளிநாடு அனுப்பும் ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். உடன் ஒரு கட்டுரையும் கேட்டார்கள். 'கால் வைக்கும் மண்கூட எங்களுக்குச் சொந்தமில்லை' என்று தொடங்கி நான்கு பக்கம் அழுதிருந்தேன். (நானே எழுதி, நானே படித்து, நானே கண்கலங்கிய கூத்தை என்னவென்று சொல்ல.)

சொத்துச் சான்றுக்குக் கிராமக் கணக்குப்பிள்ளையிடம் போனேன். பழையவர் படுத்த படுக்கையாகிவிட்டதால் ஊர் ரகசியம் எதுவும் தெரியாத புதியவர் அந்த இடத்தில் இருந்தார். பதிவேட்டைப் பார்த்து எழுதி, கவரில் போட்டு அரக்கு வைத்தார்.

"பிரிக்காம அனுப்புப்பா. பிரிச்சா செல்லாது."

பிரிக்கவில்லை. அவ்வளவு நல்ல பிள்ளை நான்.

சென்னையில் நேர்முகத் தேர்வு. எதிரே மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் கட்டுரையையும் சான்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கட்டுரை உருக்கமா இருக்கு தம்பி. ஆனா உங்க அப்பா பேர்ல பத்து ஏக்கர் நஞ்சை இருக்கே?"

"எங்க அப்பா பேர்லயாங்க?"

"சர்வே நம்பரோட எழுதியிருக்கு. பாருங்க."

பார்த்தேன். தெரிந்த எண்தான். பண்ணையார் வீட்டு வாசலில் அரை நாள் நின்று அனுமதி வாங்கி, என் ஆராய்ச்சிக்கு மண் அள்ளிய வாய்க்கால் ஓரத்து வயல். அந்த மண்ணில் எவ்வளவு உப்பு என்று தெரிந்த எனக்கு அது யாருடையது என்று தெரியவில்லை. சட்டத்துக்குப் பயந்து பண்ணையார் கூலிக்காரர்கள் பெயரில் நிலத்தை எழுதி வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

புத்தியுள்ளவன் நிதானமாக விளக்கியிருப்பான். நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு உங்க உதவி வேணாங்க. இந்தக் காகிதத்துக்கு நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதுவரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்."

மிரட்டினார்கள், கெஞ்சினார்கள். வெளியே அடுத்த ஆள் காத்திருந்ததால் கடைசியில் தட்டச்சு செய்து கொடுத்துத் தொலைத்தார்கள். உதவித்தொகை அன்றே கைவிட்டுப் போனது.

ஊருக்கு வந்து படித்துக் காட்டியதும் அப்பா தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பண்ணையில கைநாட்டு வாங்குனப்ப உரக் கடனுக்குன்னுதான் சொன்னாங்க" என்றார்.

மறுநாள் செங்கொடிச் சங்கத்து ஆட்களோடு அந்த வயலில் ஏர் பூட்டினார். பண்ணையின் காரியஸ்தர் வரப்பில் ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டுடா இறங்குன?"

"எங்க வயலுங்க. நீங்க வயல்ல இறங்காம வரப்புலயே நின்னு பேசுங்க."

அப்பா அப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதன்பின் இரண்டு முறை அடியாட்கள் வந்தார்கள், அப்பாவுக்குத் தோள்பட்டை இறங்கியது. ஆனால் பண்ணையார் வழக்குப் போடவே இல்லை. நிலம் தன்னுடையது என்று கோர்ட்டில் சொன்னால், சட்டத்தை ஏமாற்றியதையும் அவரே சொல்ல வேண்டுமே.

நான் கடைசிவரை வெளிநாடு போகவில்லை. எங்கள் வீட்டில் யாராவது நேர்முகத் தேர்வில் தோற்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தால் ஆறுதல் சொல்கிற வழக்கமும் இல்லை. அப்பா கேட்கத் தொடங்கியதைத்தான் இன்றும் எல்லோரும் கேட்கிறோம்.

"வேலை போனா போவுது. எத்தனை ஏக்கர் கொண்டாந்தே?"