இருபத்துநாலு க்ளிக்

இந்த வருஷம் எல்க் மான் வேட்டைக்கு நான்தான் போவேன் என்று சபதம் எடுத்தேன். மூன்று வருஷமாகப் போய்வந்தவள் என் மனைவி வெர்னா. பண்ணையில் நூறு பசுக்களை விட்டுவிட்டு இருவரும் மலையேற முடியாது. எங்கள் வயோமிங்கில் இதற்கெல்லாம் வாய்ச்சண்டை கிடையாது. சீசனுக்கு முன்னால் துப்பாக்கிமேல் இருக்கிற, குறிபார்க்கும் ஸ்கோப்பைச் சரிபார்ப்போமே, அன்றைக்கே போட்டி. ஒரே துப்பாக்கி, நூறு கஜத்தில் வட்டம் போட்ட அட்டை. முதல் மூன்று குண்டு ஒத்திகை, அடுத்த மூன்று கணக்கு.

நேர்மையாகச் சுட்டு அவளை ஜெயிக்க முடியாது. கல்யாணத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். அதனால் அவள் கன்றுகளுக்குத் தீனி வைக்கப் போன நேரத்தில், ஸ்கோப்பின் திருகை இருபத்துநாலு க்ளிக் திருப்பிவிட்டேன். ஒரு க்ளிக்குக்குக் கால் அங்குலம்; இனி குண்டு ஆறு அங்குலம் வலப்பக்கம் போகும். நான் மட்டும் ஆறு அங்குலம் இடப்பக்கம் குறிவைத்தால் போதும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

“நீயே முதல்ல சுடு, கண்ணு,” என்றேன் பெருந்தன்மையாக.

மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து, மூன்று குண்டு சுட்டாள். மூன்றும் வலப்பக்கம் விலகித்தான் போயின. ஆனால் மூன்று ஓட்டையையும் ஒரே நாணயத்தால் மூடிவிடலாம். என்ன கை அது! எதிரியாக இருந்தும் கைதட்டத் தோன்றியது.

“அடடா, தள்ளிப் போச்சே!”

“வயசாகுதுல்ல, ஆர்லோ. காப்பி இருக்கா?”

ஆறுதலாகக் காப்பி ஊற்ற வண்டிக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது ஸ்கோப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நீ ஒத்திகை பாக்கலியா?”

“எனக்கெதுக்கு ஒத்திகை? நேரா கணக்குதான்.”

“தைரியசாலிதான் போ!”

வட்டத்துக்கு ஆறு அங்குலம் இடப்பக்கம் குறிவைத்துச் சுட்டேன். மூன்று குண்டும் வட்டத்துக்கு வராமல், குறிவைத்த இடத்திலேயே போய் இறங்கின. அடுத்து வெர்னா உட்கார்ந்தாள். மூன்றும் நட்டநடு வட்டம்.

“மோசடி! திருகைத் திருப்பிட்ட!”

“எந்தப் பக்கம்?”

“இடப்பக்கம்!”

“எத்தனை க்ளிக்?”

“இருபத்துநாலு!”

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வெர்னா காப்பியை ஒரு வாய் உறிஞ்சினாள்.

“எண்ணிக்கை உனக்கு நல்லா வருது, ஆர்லோ. நான் மலையிலேர்ந்து திரும்புற வரைக்கும் பசுக்களை எண்ணிக்கிட்டிரு.”