பழைய மேப்பும் ஒரு ரோஜா மாலையும்

என் கஞ்சத்தனத்துக்கு ‘கொள்கை’ என்று பெயர் வைத்துக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் கொள்கையால்தான் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிச் சாவு வீட்டில் போய் இறங்கினேன். அதுவும் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு.

பம்மலில், பழைய கார் விற்கும் ஒரு ஷெட்டில் அந்த வண்டியை வாங்கினேன். விற்றவர் அதை அதுவரை ஓட்டிய சொந்தக்காரர்; ரிட்டயர் ஆன, ஒல்லியான மனிதர். சாவியை என் கையில் வைத்த பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“டேஷ்போர்டுலயே மேப் இருக்கு சார். ரொம்பப் பழசு. ஆனா எங்க சுத்தினாலும் வீட்டுக்கு மட்டும் கரெக்டா வந்துடும்” என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். (யார் வீட்டுக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.)

தாம்பரம் சர்வீஸ் சென்டரில், மேப்பை அப்டேட் செய்ய பதினெட்டாயிரம் ஆகும், வரி தனி என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எதுக்கும்மா? ரோடு எங்க ஓடிப்போகுது? இருக்கிற எடத்துலதானே இருக்கும்?” என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “உங்க இஷ்டம் சார்” என்றாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி கவிதாவின் தம்பி பிரபுவுக்குக் கேளம்பாக்கத்தில், பெண் வீட்டில் நிச்சயதார்த்தம். உறவுக்கூட்டம் வேனில் முன்னாலேயே போய்விட்டது. என் வண்டியில் நான், கவிதா, பட்டு வேட்டியில் பிரபு. கூடவே நிச்சயப் புடவை, மோதிரம், பழத்தட்டு, பெண்ணுக்குப் போட ஒரு பெரிய ரோஜா மாலை. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும் என்று மாமியார் உத்தரவு. பெண் பார்த்தது கோவிலில். அதனால் அந்த வீட்டை எங்களில் யாரும் பார்த்ததில்லை.

பிரபு போனை எடுத்தான். “மாமா, நான் மேப் போடறேன்.”

“உள்ள வைடா. இது இன்பில்ட்!”

பெண் வீடு இருந்த அபார்ட்மென்டின் பெயர் ஏதோ ஒரு ‘ஹோம்ஸ்’. (நம்ம பக்கம் பத்து அபார்ட்மென்டில் எட்டு ஹோம்ஸ்தான்.) ‘ஹோம்’ வரைதான் அடித்திருப்பேன், ஸ்கிரீனே முதல் வரியில் ‘ஹோம்’ என்று காட்டியது. “பாத்தியா, பாதியிலயே புரிஞ்சுக்குது” என்று சொல்லி அதைத் தட்டினேன்.

மேடவாக்கம் வந்ததும் மேப்புக்குள் இருந்த பெண் குரல் இடது பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினேன். இரண்டு தெரு தாண்டியதும் ஸ்கிரீனில் சாலை முடிந்துபோனது. எங்கள் வண்டி நீல நிறத்துக்கு நடுவில் தனியாக மிதந்தது.

“மாமா, இது ஏரி” என்றான் பிரபு.

கண்ணாடிக்கு வெளியே இரண்டு பக்கமும் ஏழு மாடிக் கட்டடங்கள், பால்கனியில் காயும் துணிகள், எதிரே தண்ணீர் லாரி. உள்ளே வெறும் நீலம். பட்டப்பகலிலேயே எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை ஜனமும் தண்ணிக்கு அடியில் குடியிருப்பது போல இருந்தது. அந்தப் பெண் குரல் மட்டும் கொஞ்சமும் குழம்பவில்லை. ஏரிக்குள்ளேயே வலது, இடது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நீலம் முடிந்து ஒரு பழைய தெரு வந்ததும், “யூ ஹேவ் அரைவ்டு அட் ஹோம்” என்றாள்.

வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். அபார்ட்மென்ட் எங்கே, கேளம்பாக்கம் இவ்வளவு கிட்டவா என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை; எனக்கு அந்த ஷாமியானாவே போதுமாக இருந்தது. எங்கள் வண்டியைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன மரியாதை என்று நான் பூரித்துப்போனேன். என் வயதுள்ள ஒருவர் ஓடிவந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

“ஸாரி சார், லேட்டாயிடுச்சு” என்றேன்.

“பரவால்ல சார். இன்னும் எடுக்கல.”

தட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். “நல்ல வேளை! ராகு காலத்துக்கு முன்னாடி எடுத்துடணுமே?”

“ஆமா சார். தங்கச்சி வந்துகிட்டிருக்கா. நாலரைக்குள்ள எடுத்துடுவோம்.”

கவிதா பழத்தட்டோடு இறங்கினாள். பிரபு மாலையை எடுத்தான். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார். யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வருத்தம்தான், பாவம் என்று நினைத்தபடி சிரித்த முகத்தோடு பின்னால் போனேன்.

கூடத்தில் ஐஸ் பெட்டி இருந்தது. அதன்மேல் எங்கள் ரோஜா மாலை. கண்ணாடிக்கு அடியில், எனக்கு வண்டி விற்ற அந்த ஒல்லி மனிதர்.

கவிதா என் கையை நகம் பதியப் பிடித்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தலையைத் தூக்கினார். “அந்தப் பொம்பள குரல் கேட்டுச்சு. அது சொன்னப்புறம்தான் அவரு எஞ்சினை நிறுத்துவாரு. உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லை. “வண்டிதாங்க...” என்று மட்டும் வாய் குழறியது. அந்த அம்மா எழுந்து வாசலுக்கு வந்து வண்டியின் பானட்டின்மேல் கையை வைத்தார். எஞ்சின் சூடு அடங்கும்வரை எடுக்கவே இல்லை. எனக்கு அழுகை வந்தது.

கிளம்பும்போதுதான் உச்சகட்டம். பயத்தில் மூளை நின்று, பழக்கதோஷத்தில் கையைக் கூப்பி உரக்கச் சொன்னேன்: “அப்ப நான் போயிட்டு வரேங்க.”

சாவு வீட்டில் சொல்லாமல் நழுவ வேண்டும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஷாமியானா மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

சாவு வீட்டுத் தீட்டோடு நிச்சயத்துக்குப் போக முடியாதே! தெருமுனையில் நின்ற தண்ணீர் லாரிக்காரரிடம் கெஞ்சி, அவர் குழாயைத் திறந்துவிட, மூன்று பேரும் உடுத்திய துணியோடு நனைந்தோம். “இன்னா சார், பட்டு வேட்டி கட்டிகினா சாவுக்குப் போவாங்க? செம பேஜாரு சார் நீ” என்றார் அவர்.

பிரபுவின் போன் வழிகாட்ட, நாங்கள் சொட்டச் சொட்டக் கேளம்பாக்கம் சேர்ந்தபோது மணி ஐந்தேகால். ராகு காலம் பாதி ஓடியிருந்தது. மாமியார் வாசலிலேயே மறித்தார்.

“மாலை எங்கடா?”

“போட்டாச்சும்மா” என்றான் பிரபு.

“யாருக்கு?”

அவன் சொன்னான். பெண்ணின் அத்தை அபசகுனம் என்று முணுமுணுத்தார். இந்தச் சம்பந்தமே என்னால் முறிந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அப்போது பெண் திவ்யாதான், “ஒரு பெரியவரை வழியனுப்பிட்டு வந்திருக்காங்க. ஆறு மணிக்கு மேல தட்டு மாத்திக்கலாம். மொதல்ல துண்டு குடுங்க” என்றாள். மாலை இல்லாமலே நிச்சயம் நடந்தது. அன்றிலிருந்து அவள் எது சொன்னாலும் நான் மறுப்பதில்லை.

மறுநாளே பதினெட்டாயிரமும் வரியும் கட்டினேன். புது மேப்பில் ஏரி இருந்த இடத்தில் கட்டடங்கள் வந்துவிட்டன. பழைய ஹோமை அழித்து, கவுண்டர் பெண்ணே எங்கள் தாம்பரம் வீட்டைப் பதிந்து கொடுத்தாள்.

இன்றும் எந்த வீட்டில் நான் “போயிட்டு வரேன்” என்றாலும், “நிஜமாவே வந்துடாதீங்க” என்று யாராவது ஒருவர் கத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான்.

ஆனால் மேடவாக்கத்தைத் தாண்டும்போது, மேப்பை நான் தொடாமலே எப்போதாவது ஒருமுறை அந்தக் குரல் இடது பக்கம் திரும்பச் சொல்லும். பின்சீட்டிலிருந்து பிரபு மெதுவாக, “வரேன்னு சொல்லிட்டு வந்தீங்களே மாமா” என்பான். அதற்கு மட்டும் இதுவரை யாரும் சிரித்ததில்லை.